என் கட்டைவிரல் பட்ட கிட்டார்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கு ஆடுகோடியில் எனக்கு இரண்டு பட்டறை இருக்கிறது. அலுமினிய அண்டா, குண்டான், மூடி எல்லாம் லேத்தில் தகட்டைச் சுழலவிட்டு அழுத்தி நாங்களே எடுக்கிறோம். பெங்களூரில் கல்யாணச் சமையல்காரர் யாரைக் கேட்டாலும் என் அண்டாவைப் பற்றிச் சொல்வார். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும், தகட்டின் தரம் எனக்குத் தெரிந்துவிடும். அமுங்கினால் அது மட்டமான சாமான். இதைப் படிக்க நான் எந்தக் காலேஜுக்கும் போகவில்லை.

என் தம்பி என்னிடம்தான் வேலை செய்தான். லேத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முகூர்த்த நாட்களில் மண்டபங்களில் கச்சேரிக் குழுவோடு கிட்டார் வாசிக்கப் போவான். ஆறு வருடத்துக்கு முன்னால் பவர் பிரஸ் அவன் இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. கை உள்ளே போகாமல் காக்கிற தடுப்பைப் பிரஸ்ஸிலிருந்து கழற்றச் சொன்னது நான்தான். அது இருந்தால் வேலை இழுக்கும். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான் பார்த்தேன், வேலையிலிருந்தும் அனுப்பவில்லை. ஆனால் கிட்டார் வாசிக்க முடியாமல் அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். பாட்டா சோறு போட்டது என்று ஆட்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறேன்.

போன வருடம் ஒருநாள் அவனே வந்து சொன்னான். ரெசொனேட்டர் என்று ஒரு கிட்டார் இருக்கிறதாம். மடியில் படுக்கவைத்து, கம்பிகளை விரலால் அமுக்காமல் ஓர் எஃகுத் துண்டை மேலே வழுக்கி வாசிப்பதாம். மூன்று விரல் இருந்தால் துண்டைப் பிடித்துவிடலாம். வயிற்றுக்குள் அலுமினியத்தில் குழிந்த தட்டு ஒன்று இருக்கும், சத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்றான். அலுமினியம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் கிட்டார், விலை குறைந்ததே போதும், ஆனால் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். அந்தத் தாளை நான் வாங்கிப் படிக்கவில்லை. அலுமினியத்தைப் பற்றி எனக்குத் தாள் எதற்கு?

சிவாஜிநகரில் ஒரு கடைக்குப் போனோம். அவனுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி இரண்டு இருந்தன. ஒன்று உடம்பு முழுக்க எஃகு, பளபளவென்று இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. அவன் மர உடம்புக்காரனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். கழுத்து சதுரமாக இருக்கிறது, கம்பி உயரமாக இருக்கிறது, மடியில் வைக்க இதுதான் சரி என்றான். எஃகுத் துண்டைக் கம்பியில் வைத்து இழுத்தான். விரல் போய் ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. பத்து நிமிடம் வாசித்திருப்பான். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்று கேட்டார். தம்பி யாரையும் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். திறந்து காட்டச் சொன்னேன். கடைக்காரர் தயங்கினார். நான் விடவில்லை. கம்பியைத் தளர்த்தி, மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த தட்டு அப்பளம் மாதிரி இருந்தது.

"பேடா சார், வேண்டாம், அதைத் தொடாதீங்க" என்றார் கன்னடமும் தமிழுமாக.

நான் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பொக்கென்று உள்ளே போய்விட்டது.

திரும்பக் கம்பி கட்டி மீட்டியபோது தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைந்தது. கேட்ட விலையைக் கொடுத்தேன், பேரம் பேசவில்லை. புதுத் தட்டு வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார் கடைக்காரர். காத்திருக்கலாம் அண்ணா என்றான் தம்பி. நாற்பது வருடமாக அலுமினியம் இழுக்கிறவன் ஒரு தட்டுக்காக வெளிநாட்டானிடம் கையேந்துவேனா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

மறுநாள் நானே லேத்தில் நின்று இழுத்தேன். மெலிசாக வேணும்ணா, மெலிசுதான் அதுக்கு உயிர் என்று பக்கத்தில் நின்று கெஞ்சினான். என் பட்டறையிலிருந்து மெலிசான சாமான் வெளியே போனதில்லை. அண்டா மூடிக்குப் போடுகிற தகட்டில் போட்டேன். கட்டைவிரல் என்ன, காலால் மிதித்தாலும் நசுங்காது.

சாப்பாட்டு வேளையில் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து அவனை வாசிக்கச் சொன்னேன். சத்தமே எழும்பவில்லை. கம்பளிக்குள் முனகுகிற மாதிரி இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தது என் தட்டைப் பார்த்து என்று எனக்குத் தெரியும்.

"தட்டு மேல பழியப் போடாதே. ரெண்டு விரலு இல்லாதவன் வாசிச்சா இப்படித்தான் கேக்கும்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் திருப்புளியை எடுத்து, அவசரமில்லாமல் ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். என் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"நல்ல மூடிண்ணா இது. அண்டாவுக்குப் போடு."

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதே தெருவில் என்னிடம் தொழில் பழகிப் போன ஒருவன் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். நாலைந்து தகட்டைக் கிழித்து வீணாக்கி, கடைசியில் கிட்டாருக்குக் காகிதம் மாதிரி ஒரு தட்டை இழுத்து எடுத்தார்கள் என்று என் ஆட்களே வந்து சொன்னார்கள். இப்போது மண்டபங்களுக்கும் போகிறானாம்.

ஒரு ஞாயிறு காலை அவன் வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் நுழையும்போதே கேட்டது. எனக்குச் சங்கீதம் தெரியாது, உலோகம் தெரியும். அந்தத் தட்டு சரியான தட்டு. சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு கேட்டைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினான்.

வாசி என்றேன்.

"நீ இருக்கறப்ப வாசிக்க மாட்டேண்ணா. உக்காரு, காபி குடிச்சிட்டுப் போ."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். தம்பி மனைவி காபி கொண்டுவந்தாள். கிட்டார் அவன் மடியிலேயே இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். சந்து தாண்டுவதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.