பாஸ்போர்ட்டுக்கு வைத்த பொட்டு

கௌரவத் தூதரிடம் வேலை பார்த்தால் கௌரவம் அவருக்கு, தூது நமக்கு. எங்கள் முதலாளி கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் செய்கிறவர். பக்கத்துத் தீவு நாடு ஒன்று அவரைக் கௌரவத் தூதராக வைத்திருக்கிறது. பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும். அந்த நாட்டுக்காரர்களுக்கு இங்கே எது நடந்தாலும், "அம்மணி, பாத்துக்கோ" என்று என் தலையில் கட்டிவிடுவார். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஆயுத பூஜை

அந்த நாட்டிலிருந்து இருதய ஆபரேஷனுக்கு வந்த இப்ராகிம், துடியலூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஆஸ்பத்திரியில் சேரும்போது, பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை வீட்டுக்காரம்மா பழனியம்மாளிடம் கொடுத்திருக்கிறார். நடுவில் ஆயுத பூஜை வந்துவிட்டது. அந்தம்மா பாஸ்போர்ட்டைப் பிரித்து, போட்டோவில் நெற்றி பார்த்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தும் விட்டார். பாதி முகம் துணியோடு போய்விட்டது, மீதியில் குங்குமம் ஊறிவிட்டது.

ஆபரேஷன் முடிந்து இப்ராகிம் தேறி வந்துவிட்டார்; அந்த வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு நிக்காஹ். பெண்ணைக் கொடுக்க வேண்டிய அப்பாவே இங்கே மாட்டிக்கொண்டால் கல்யாணம் எப்படி நடக்கும்? நான் துடியலூருக்கே ஓடினேன். பழனியம்மாள் அசரவே இல்லை. "வண்டிக்கு வெச்சோம், தையல் மிசினுக்கு வெச்சோம், அண்ணன் பாஸ்போர்ட்ட மட்டும் உட்டுப்போட முடியுங்களா அம்மணி?"

டெல்லி

அவசரப் பயணப் பத்திரம் கேட்டு, டெல்லியில் இருக்கும் அவர்கள் தூதரகத்துக்கு வீடியோ கால் போட்டோம். கேமராவில் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் அதிகாரி பதறிப்போய், "ரத்தமா?" என்றார்.

"இல்லைங்க, ஆசீர்வாதம்" என்றார் முதலாளி.

அதிகாரி தன் கம்ப்யூட்டரை வெகுநேரம் பார்த்தார். "தொலைந்தது, திருடுபோனது, கிழிந்தது என்றுதான் இருக்கிறது. ஆசீர்வதிக்கப்பட்டது என்று இல்லையே சார்!"

கொடி

புதன்கிழமை பத்திரம் வந்தது. அதோடு வேலை முடியவில்லை. நாட்டை விட்டுப் போக நம் போலீஸ் ஆபீஸின் அனுமதியும் வேண்டும். முதலாளி காரில் அந்த நாட்டுக் கொடியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். பின்சீட்டில் இப்ராகிம் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்து ஒரு வெள்ளை வேட்டி எட்டிப் பார்த்துக் கேட்டது: "ஏனுங்க, புதுக் கட்சிங்களா? யாரு கூடங்க கூட்டணி?"

வழியனுப்பு

அன்று மாலையே அனுமதி கிடைத்தது. மறுநாள் ஏர்போர்ட்டுக்குப் பழனியம்மாளும் வந்தார், ஒரு கையில் கச்சாயப் பலகார டப்பா, மறு கையில் குங்குமச் சிமிழ். நான் பத்திரத்தைப் பிடுங்கி என் கைப்பைக்குள் ஒளித்தேன். அந்தம்மாவின் முகம் வாடிவிட்டது. இப்ராகிம் சிரித்துக்கொண்டே தன் சூட்கேஸை முன்னால் தள்ளி, ஆஸ்பத்திரியில் பழகிய தமிழில் சொன்னார்: "அக்கா, பெட்டிக்கு வைங்க."

வெள்ளிக்கிழமை

நிக்காஹ் முடிந்ததும் அங்கிருந்து வீடியோ கால் வந்தது. மகளும் மருமகனும் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் இப்ராகிம் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். கல்யாணம் பார்க்க எங்கள் ஆபீஸுக்கே வந்திருந்த பழனியம்மாள் என் போனை வாங்கி, மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணுகளா, ரெண்டு பேரும் நம்மூட்டுக்கு விருந்துக்கு வந்துபோடுங்க. பாஸ்போர்ட்ட நான் பத்தரமா வெச்சுக்கறேன்!"

அண்டை நாட்டு உறவு இதே வேகத்தில் பலப்பட்டுக்கொண்டு போனால், நான் பம்ப் விற்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்க வேண்டியதுதான்.