பந்தல் காலில் குடியிருக்கும் கருவண்டு

குழந்தை தவழும் வாசலில் அந்தத் துளையை மறுபடி திறந்துவிட்டது சரிதானா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

போன பங்குனியில் நடந்தது. சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வாசல் பந்தலின் மரக்காலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு மைனி பார்த்துவிட்டு, "ஏ தாயி, இது கதண்டுல்ல! கொட்டுச்சுன்னா பெரிய ஆளே தாங்காது, பச்சப்புள்ள எம்மாத்திரம்?" என்று அலறினார்.

கதண்டு கொட்டி இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வேறு ஊராக இருந்தால் தீப்பந்தம் காட்டியிருப்பார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு, வெடிக் குழாய் உருட்டப் பட்டாசுக் கம்பெனி கொடுத்த தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். வாசலில் தீக்குச்சி கிழிக்கவே யோசிப்போம். அதனால் மைனியிடமே கொஞ்சம் தாளும் பசையும் வாங்கி, வண்டு வெளியே போன நேரம் பார்த்துத் துளையை இறுக அடைத்தேன். வெயிலில் அது கட்டையாகக் காய்ந்துவிட்டது.

வண்டு திரும்பி வந்தது. பந்தலைச் சுற்றிச் சுற்றி இரைந்தது. பழிவாங்கத்தான் நிற்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே புழுக்கத்தில் மகள் அழுது தீர்த்தாள்.

மறுநாள் காலை ஒரு கல்லூரி மாணவி வந்தார். இந்த வறண்ட கரிசல் காட்டில் நம் ஊர்த் தேனீ வகைகள் எங்கெங்கே மிச்சமிருக்கின்றன என்று ஊர் ஊராகப் பார்த்து, செல்போன் வரைபடத்தில் குறித்து வருகிறாராம்.

"ஆமத்தூர்ல இருந்து ஒரு எருக்கஞ்செடி விடாம பாத்துட்டு வாரேன்க்கா. பூவெல்லாம் இருக்கு, தேனீயத்தான் காணோம்" என்றவர் நிமிர்ந்து, பந்தலைச் சுற்றிய வண்டைப் பார்த்தார். "அட, இங்கன இருக்கே!"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. நான் செய்ததைச் சொன்னேன்.

"இது கதண்டு இல்லக்கா, தச்சுத் தேனீ. உங்களக் கொட்ட வரல, வீட்டத் தேடுது. உள்ள அதோட புள்ளைக இருக்கும்."

அதன் காலில் மஞ்சளாக மகரந்தம் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"கொட்டவே கொட்டாதா?" என்று மூன்று முறை கேட்டேன்.

"சும்மா விட்டா ஒண்ணும் செய்யாதுக்கா. கையில புடிச்சு அமுக்குனா கொட்டும்."

என் மகளோ கண்ணில் பட்டதையெல்லாம் பிடிப்பவள். ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்து வந்து, நானே தாளைக் குடைந்து எடுத்தேன். நாங்கள் விலகியதும் வண்டு இறங்கி, கொஞ்சம் தயங்கி, உள்ளே போய்விட்டது.

"நல்லாருக்கு! கம்பெனில கேட்டா, வண்டுக்கு ஒரு குழா போச்சுன்னு சொல்லிருதேன்" என்று எட்டிப் பார்த்த மைனி சிரித்தார்.

மாணவி எங்கள் வீட்டை ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டு போனார். என் பிள்ளையைக் காக்கிற அவசரத்தில் இன்னொரு தாயை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

மகள் இப்போது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள். பயமும் காட்டாமல், வண்டைத் தொடவும் விடாமல் இவ்வளவு சின்னக் குழந்தையை எப்படிப் பழக்குவது? தெரிந்த அம்மாக்கள் யாராவது சொல்லுங்களேன்.