பிளேயரின் முதுகில் என் பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. காரைக்குடியில் செக்காலை ரோட்டுக்குப் பக்கத்தில் நான் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஃபேன், மிக்ஸி, வயர், பல்பு எல்லாம் உண்டு. அதனால் எங்கள் சொந்தபந்தத்தில் யார் என்ன மின்சாமான் வாங்கினாலும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். கேட்காமல் வாங்கினால் அடுத்த விசேஷ வீட்டில் வைத்து நான் குறை சொல்லுவேன் என்ற பயமும் அதில் உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். ஒக்கூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அந்த வருடம் அவனை ஐ.நா. அமைதிப்படையில் சேர்த்து ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு ஒரு வருட வேலையாக அனுப்புவதாக இருந்தது. போவதற்கு முன் பத்து நாள் லீவு. ஊருக்கு ரயில் ஏறும் முன்பே எனக்குப் போன் செய்தான்.

“மச்சான், பாட்டுக் கேக்குற சின்ன பிளேயர் ஒண்ணு பாத்து வைக்கிறீகளா? பட்டன் வச்சதா இருக்கணும். புளூடூத், நெட்டு, கேமரா எதுவும் ஆகாது. முடிஞ்சா பென்சில் பேட்டரி போடுற மாதிரி. பாட்டுக் கார்டு நானே வச்சிருக்கேன்.”

“போன்லயே கேக்கலாமேப்பா” என்றேன்.

“அங்க படுக்கப் போகையில போனை வாங்கி வச்சுக்குவாக மச்சான். கரண்டும் நெலையா இருக்காதாம். சாதாரணமா ஒண்ணு இருந்தாப் போதும். அப்பறம், மேல பேரு கீரு எதுவும் வெட்டிறாதீக. அங்குட்டு அதெல்லாம் ஆகாது.”

கடைசியாக அதை ஏன் சொன்னான் என்றால், எங்கள் வீட்டுப் பழக்கம் அவனுக்குத் தெரியும். எங்கள் பக்கம் பெயர் வெட்டாமல் ஒரு பாத்திரத்தை யாருக்கும் கொடுக்க மாட்டோம். சீர் அண்டாவிலிருந்து கருவேப்பிலைக் கிண்ணம் வரைக்கும் கொடுத்தவர் பெயர் இருக்கும். நானோ அதிலும் ஒரு படி மேலே. கோயிலுக்கு ட்யூப்லைட் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வராத அளவுக்கு உபயம் எழுதி வைக்கிறவர்களைக் கேலி செய்வார்களே, அந்த ஜாதி. ‘கூச்சத்தில் சொல்கிறான் பையன்’ என்று நானாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு போனை வைத்தேன்.

பாட்டு பிளேயர் என்று கேட்டாலே கடைகளில் சிரித்தார்கள். அந்தப் பொருள் இப்போது யாரும் வாங்குவதில்லையாம். நாலைந்து கடை ஏறி இறங்கி, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் கடையில் இரண்டு கிடைத்தன. ஒன்று பிளாஸ்டிக். கறுப்பு நிறம், கட்டைவிரல் கனம், தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரிப் பெரிய பட்டன்கள், ஒரே ஒரு பென்சில் பேட்டரி. இன்னொன்று பளபளவென்று எஃகு முதுகு வைத்தது. பேட்டரி உள்ளேயே இருக்கும், சார்ஜ்தான் போட வேண்டும்.

“பட்டாளத்துக்காரருக்குன்னு சொல்றீக. இந்தப் பிளாஸ்டிக்கையே எடுங்கண்ணே. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது, பேட்டரி மாத்திக்கிட்டே இருக்கலாம்” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். நானே ஒரு கடைக்காரன், எனக்குத் தெரியாதா? மச்சினன் கேட்டதும் அச்சு அசலாக அதுதான். ஆனாலும் நான் எஃகு முதுகைத்தான் எடுத்தேன். காரணத்தை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். பிளாஸ்டிக்கில் பெயர் வெட்ட முடியாது.

அங்கிருந்து நேரே பாத்திரக் கடைக்குப் போனேன். பெயர் வெட்டுகிறவர் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுலயா வெட்டணும்? உள்ள மெஷின் இருக்கே.”

“மேலாப்புல வெட்டுங்கண்ணே. ஒண்ணும் ஆகாது.”

நான் எழுதிக் கொடுத்தது மச்சினன் பெயர், அவனுடைய படை எண், போகப் போகிற நாடு. அதற்குக் கீழே ‘அன்பளிப்பு’ என்று போட்டு என் பெயர், கடைப் பெயர், காரைக்குடி. தீப்பெட்டி அளவு இடத்தில் அவ்வளவும் எப்படி அடங்கும்? எதையாவது குறைக்கச் சொன்னார். யோசித்துவிட்டு, மேலே உள்ளதைப் பொடி எழுத்தாகப் போடச் சொன்னேன்.

அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒக்கூரில் மாமனார் வீட்டில் விருந்து. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம், பத்துப் பதினைந்து பேர் இருக்கும்போது, அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான். எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினான். “நல்லாருக்கு மச்சான்” என்றான். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டான் என்று நினைத்தேன். பிளேயரைக் கையிலிருந்து வாங்கி எல்லோருக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ஒரு வருடமும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பெருமை. ‘நம்ம கடைப் பேரு ஆப்பிரிக்காவுல பாடிக்கிட்டிருக்கு’ என்பேன். அவன் எப்போதாவது போனில் வரும்போது, “பிளேயர் எப்படி மாப்ள?” என்று கேட்பேன். “நல்லாருக்கு மச்சான்” என்பான். மேலே பேச விடாமல், பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்பான்.

ஒரு வருடம் முடிந்து திரும்பி வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். கண்ணுக்குக் கீழே கருவளையம். வெயில் என்றார்கள், சாப்பாடு என்றார்கள். மறுபடியும் அதே வீட்டில் விருந்து, அதே சொந்தக்காரர்கள். இலையில் உட்கார்ந்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன். “மாப்ள, அந்தப் பிளேயரைக் கொண்டாந்து எல்லாருக்கும் காட்டு. கடல் தாண்டிப் போயிட்டு வந்த பொருளாச்சே.”

அவன் அக்காவை ஒரு தடவை பார்த்தான். “அங்க ஒருத்தருக்குக் குடுத்துட்டேன் மச்சான்” என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் தேடி அலைந்து வாங்கினது, என் பெயர் வெட்டினது, எவனோ ஒருத்தனுக்கா? அத்தனை பேர் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து, “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாக” என்றேன். அதோடும் நிறுத்தவில்லை. கொடுக்கிறவன் மனசு தெரியாதவனுக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்றேன். ஓசியில் வந்தால் இப்படித்தான் என்றேன். மாமியார் ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அவன் தலை குனிந்தபடி சோற்றைப் பிசைந்தான். 

 வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி பீரோவைத் திறந்து, பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டாள். பிரித்தேன். பிளேயர்.

“அது நாட்டை விட்டே போகலைங்க” என்றாள்.

விமானம் ஏறுவதற்கு முன் எல்லோருடைய சாமான்களையும் சோதித்திருக்கிறார்கள். ஆள் யார், எந்த ஊர், படை எண் என்ன, எந்த நாட்டுக்குப் போகிறான் என்பது தெரிகிற மாதிரி சொந்தச் சாமான் எதையும் கொண்டுபோகக் கூடாதாம். இதைத்தான் அவன் ‘அங்குட்டு ஆகாது’ என்று சொல்லியிருக்கிறான். பிளேயரை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். வேறு வாங்க நேரமில்லை, போன இடத்தில் கடையும் இல்லை. அதை அக்காவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, போனில் சொல்லியிருக்கிறான்: “மச்சான்ட்ட சொல்லாதக்கா. ஆசையா வாங்கிக் குடுத்தாக.”

பிளேயரைத் திருப்பிப் பார்த்தேன். சோதனைக்கு முன் எதையோ வைத்து முதுகை உரசியிருந்தான். அவன் பெயர், எண், நாட்டின் பெயர் மூன்றும் அழிந்து வெறும் கீறலாக இருந்தன. கீழே என் பெயரும் கடைப் பெயரும் ஊரும் அப்படியே இருந்தன. நேரம் போதவில்லையா, அதை அழிக்க மனம் வரவில்லையா, இன்றுவரை நான் கேட்டதில்லை. முழுவதையும் அழித்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்களோ என்னவோ.

“ஒரு பிளேயருக்கா இவ்வளவு மறைச்ச?” என்று கேட்டேன். 

அப்போதுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். ஆப்பிரிக்கா போவதற்கு முன்பு அவன் எல்லையில் இருந்தபோது, பக்கத்தில் ஒரு குண்டு வெடித்திருக்கிறது. உடம்பில் ஒரு காயமில்லை. ஆனால் இடது காதில் ஓர் இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டுக் காது நன்றாகக் கேட்கிறது, வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சத்தம் இல்லாத இடத்தில் படுத்தால் மட்டும் அந்த இரைச்சல் தூங்க விடாது. படுக்கும்போது காதில் மெதுவாக ஏதாவது ஓடட்டும் என்று அந்த டாக்டரே சொன்னதுதான் பாட்டு. அவன் கேட்டது பொழுதுபோக்குக்கு இல்லை, மருந்தாகக் கேட்டிருக்கிறான். அது இல்லாமல் ஒரு வருடம், ராத்திரிக்கு விட்டுவிட்டு மூன்று மணி நேரத் தூக்கம்.

“என்கிட்ட மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?”

“உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. அவனுக்குப் பொண்ணு பாக்குற நேரம்.”

 அவள் சொன்னது உண்மை.

மறுநாள் கடையைத் திறக்காமல் ஒக்கூருக்குப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். அவனைக் கேட்டதற்கு மாமியார், “பம்புசெட்டு ரூம்ல படுத்திருக்கான் மாப்பிள்ளை. வந்ததுலேருந்து பகல்ல அங்குட்டுத்தான் தூங்குறான். என்ன பழக்கமோ” என்றார்.

வயலுக்குப் போனேன். மோட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நம்மால் ஐந்து நிமிடம் நிற்க முடியாத சத்தம். அதன் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் அவன் வாய் லேசாகத் திறந்தபடி குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கரண்ட் போய் மோட்டார் நின்றது. சத்தம் அடங்கிய மறு நொடி கண் விழித்துவிட்டான். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து நின்றான்.

“வாங்க மச்சான். எப்ப வந்தீக?”

“அக்கா எல்லாம் சொல்லிருச்சு மாப்ள. தப்பு பண்ணிட்டேன். நேத்துப் பேசினதும் தப்பு.”  அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில், ஒரு மோட்டார் ரூம் வாசலில் நின்று அழுதேன்.

அவன் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். “அட, என்ன மச்சான் நீங்க. நாந்தான் வெவரமாச் சொல்லிருக்கணும். காதைப் பத்திச் சொல்லச் சங்கடப்பட்டு அரைகுறையாச் சொன்னேன்.”

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றைக்கே போய் அவன் கேட்ட மாதிரியே ஒன்று வாங்கி வருகிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கினான். பிறகு மிகவும் மரியாதையாக, “வேணாம் மச்சான். நானே வாங்கிக்கிறேன்” என்றான்.

அன்று சாயந்திரமே அந்தச் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போய், பிளேயரை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை, என்னால்தான் கெட்டது என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். அவன்தான் வேண்டாம் என்றான். ஏன், எதற்கு என்று கேள்வி வரும், காது விஷயம் வெளியே வரும். “நான் குடுத்துட்டதாவே இருக்கட்டும் மச்சான்” என்றான். எனக்கு அது உள்ளுக்குள் சௌகரியமாகத்தான் இருந்தது. அதை நினைத்தாலும் கூசுகிறது.

இப்போது அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. பெண் பார்க்கப் போன அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் காது விஷயத்தைச் சொல்லித்தான் கட்டியிருக்கிறான். ஆக, மறைக்க இனி ஒன்றுமில்லை. சொல்லலாம் மச்சான் என்று அவனே சொல்லிவிட்டான். ஆனாலும் விசேஷ வீடுகளில் அவனைப் பார்த்தால் யாராவது ஒருவர், “மச்சான் குடுத்ததைத் தானம் பண்ணின கர்ண மகாராசா வாரார்” என்று கேலி செய்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறான். நான் பக்கத்தில்தான் இருப்பேன். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கப் பார்ப்பேன். திறந்தால் வருவது வேறு ஏதாவது பேச்சாகத்தான் இருக்கும். முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் சொல்ல முடிந்த எனக்கு, அன்றைக்கு அவனோடு இலையில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினைந்து பேரிடம் சொல்ல இன்னும் துணிச்சல் வரவில்லை.