மனுவில் அடித்த வரி

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் மனு வாங்கும் உதவியாளர் அவர். வெள்ளைச் சட்டை, வெற்றிலைச் சிரிப்பு, சிவப்புப் பேனா. திருத்தாமல் ஒரு மனுவையும் உள்ளே அனுப்பமாட்டார்.

சூறைக்காற்றில் என் தொண்டாமுத்தூர் வாழைத்தோட்டம் மொத்தமும் சாய்ந்த வாரம் போனேன். பருவநிலையைக் கெடுத்த எண்ணெய், நிலக்கரிக் கம்பெனிகளிடமே நஷ்டத்தை வசூலிக்கச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தேன்.

"ஏனுங்க, பெரிய கம்பெனிகளப் போயி இப்படி எழுதலாமுங்களா?" என்று கேட்டபடியே அந்த வரியை அடித்துவிட்டு, 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதினார்.

"அப்புறம் சட்டம் எதுக்குங்க? காத்தப் புடிச்சு உள்ள போடறதுக்குங்களா?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. அடிச்ச எடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. மோர் குடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தனை மரியாதையாகப் பேசியவரிடம் முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாமல், கையெழுத்தும் போட்டேன், மோரையும் குடித்தேன்.