மாப்பிள்ளை கேட்ட பழைய கடிகாரம்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடுவார்கள். என் கல்யாணத்துக்கு அப்பா புதிதாக ஒன்று வாங்கப் புறப்பட்டபோது மாப்பிள்ளை தடுத்துவிட்டார். "புதுசெல்லாம் எதுக்குங்க மாமா? நீங்க கட்டியிருக்கறதே போதுங்க" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊர் பொங்கலூர் முழுக்க அதே பேச்சு. இப்படி ஒரு தங்கமான மனுஷன் கிடைத்தாரே என்று நானும் பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பாவின் கடிகாரம் அறுபதுகளில் வந்த ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்க வேண்டாம், கை ஆடினாலே ஓடும். அப்பா அதைக் கட்டிக்கொண்டுதான் தென்னைக்குப் பாத்தி கட்டுவார், பால் கறப்பார்.

பெருமாநல்லூருக்கு வாழ வந்த பிறகுதான் இவருடைய பீரோவைத் திறந்து பார்த்தேன். அதே காலத்துக் கடிகாரங்கள் தட்டுத் தட்டாக இருந்தன. பெண் பார்க்க வந்த அன்று இவர் கண் ஏன் அப்பாவின் கையிலேயே இருந்தது என்று அப்போது விளங்கியது. எங்கள் பனியன் கம்பெனியில் நான் செக்கிங் டேபிளில் தைத்து வந்த பீஸ்களைப் பழுது தேடிப் புரட்டிக்கொண்டிருக்க, இவர் ஆபீஸ் அறையில் ஒவ்வொன்றாக ஆட்டிக் காதில் வைத்துக் கேட்பார். முகத்தில் அப்படி ஒரு கனிவு. நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்த முகத்தைப் பார்த்ததில்லை. "இதுக்கு உசுரே நம்ம கைதான்" என்பார். பொய் சொல்லக்கூடாது, ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். நின்று கிடந்த முள் நகர்ந்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அப்பாவுடையதை யாரிடமோ கொடுத்து, டயலில் கறை இல்லாத இன்னொன்றை மாற்றிக்கொண்டார். கேட்டதற்கு, "அதே மாடல்தான், இது இன்னும் சுத்தம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன மாதம் அப்பா வந்திருந்தார். அவர் இன்றுவரை வேறு கடிகாரம் கட்டவில்லை. "ஏனுங்க மாப்பிள்ளை, அந்தக் கடியாரத்தை ஒருக்கா காட்டறீங்களா?" என்று தயங்கிக் கேட்டார்.

இவர் கூசாமல் எடுத்து வந்தார். "இதாங்க மாமா, பத்திரமா இருக்குதுங்க."

அப்பா திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். "நல்லா வெச்சிருக்கறீங்க மாப்பிள்ளை" என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். "அது என்னுது இல்ல கண்ணு" என்றார் அப்பா. "மாப்பிள்ளைகிட்டக் கேட்டுப்போடாத. சங்கடப்படுவாரு."

வீட்டுக்கு வந்தேன். இவர் பீரோவைப் பூட்டிக்கொண்டே சிரித்தார். "பாத்தியா, உங்கப்பனுக்கு வித்தியாசமே தெரியல."

"ஆமாங்க" என்றேன்.