விளக்கெண்ணெய் என்றாள் என் மனைவி

நாலு பேர் முன்னால் என்னைத் திட்டிவிட்டாள் என்று மூன்று நாள் என் மனைவியோடு பேசாமல் இருந்தேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கோலார் தங்க வயலில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜை இயக்கும் எஞ்சினில் எனக்கு வேலை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பழைய ரேஸ் காரை வாங்கியிருந்தேன். தங்கையின் கல்யாண ஊர்வலத்தில் அதைத்தான் ஓட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. என்ன ஆயில் ஊற்றுவது என்று வாசலில் நண்பர்களோடு ஒரே வாக்குவாதம். காபி கொண்டுவந்த மனைவி சொன்னாள்: “விளக்கெண்ணெங்க!”

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“யாரப் பாத்து இன்னா சொல்றே? உள்ள போ!” என்று கத்தினேன். அதன்பின் அவள் பேச வந்தபோதெல்லாம் எழுந்து போய்விட்டேன். கேஜ் எஞ்சினுக்குப் போடும் கெட்டி ஆயிலையே ஊற்றினேன்.

கல்யாணத்தன்று காலை வெள்ளோட்டம் பார்த்தேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் வண்டி புகையைக் கக்கிவிட்டு நின்றது. தள்ளிக்கொண்டு வீடு வந்தால், வாசலில் மனைவி ஒரு டின்னோடு நிற்கிறாள்.

“உங்கள திட்டலீங்க. நம்ம கல்யாணத்துக்கு முன்ன அந்தத் தொர பங்களாவுலதான நான் வேல செஞ்சேன்? இந்த வண்டிக்கு அவரு விளக்கெண்ணெதான் ஊத்துவாரு. வாங்கியாந்து குடுத்ததே நான்தான்.”

பழைய ஆயிலை வடித்துவிட்டு அதை ஊற்றினேன். வண்டி ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஊர்வலம் போன தெருவெல்லாம் விளக்கெண்ணெய் வாசனை. பெண்ணும் மாப்பிள்ளையும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

உண்மையில் அன்று வாசலில் இருந்த விளக்கெண்ணெய் நான்தான். இப்போதெல்லாம் அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், முதலில் எஞ்சினை அணைத்துவிடுகிறேன்.