முந்தலில் அண்ணன் மறித்த ஜீப்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையான என் வணக்கம். அண்ணனை முரடர் என்று சொன்னவர்கள் ஊரில் உண்டு. அதை மறைத்து எழுதினால் அண்ணனே ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அண்ணன் போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் பிறந்தார். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். விறகுக் கட்டையோ செருப்போ, கையில் எது கிடைக்கிறதோ அது. ஒருநாள் அம்மாவின் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தபோது, அண்ணன் குறுக்கே பாய்ந்து அப்பாவின் கையை முறுக்கித் தள்ளினார். கை எலும்பு முறிந்தது. அப்பாவைத் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவரும் அண்ணன்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அம்மா மேல் கை ஓங்கவில்லை.

போடியில் தொழில் கற்று, பிறகு சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தார். மலைக்குப் போகும் ஜீப்புகளின் கிளச்சும் கியர்பாக்ஸும்தான் அவர் சோலி. அண்ணியைக் கைப்பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். "கிளச்சு சத்தம் போடுதுண்ணே, பிளேட்டை மாத்திருங்க" என்று யாராவது வந்தால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும்.

"பிளேட்டை மாத்துறது இருக்கட்டும். சத்தம் மிதிக்கும்போது வருதா, காலை எடுத்தா வருதா? அதைச் சொல்லு மொதல்ல!"

அவர் சொல்லிக் கேட்டு எனக்கே அது மனப்பாடம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட வேண்டும். கிளச்சை மிதித்தவுடன் கீச்சிட்டால் கிளச் பேரிங் தேய்ந்திருக்கிறது. காலை எடுத்தால் உறுமல், மிதித்தால் அமைதி என்றால் கோளாறு கிளச்சில் இல்லை. கியர்பாக்ஸின் முன்பக்கப் பேரிங் போய்விட்டது. முதலாவதோடு கொஞ்சநாள் ஓட்டலாம். இரண்டாவதோடு மலை ஏறக் கூடாது என்பார்.

ஏலக்காய் பறிப்பு மும்முரமாக நடந்த சமயம், தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் முதலாளி ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். அண்ணன் சத்தத்தைக் கேட்டார். கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தார். ஆயிலோடு இரும்புத் தூளும் வந்தது.

"பேரிங் உதிருது. கியர் பெட்டியை இறக்கணும். இறக்கத்துல கியரு தெறிச்சு நியூட்ரலுக்கு வந்துச்சுன்னா வெறும் பிரேக்கை வச்சு நிப்பாட்ட முடியாது. ஆள் ஏத்தாதீங்க."

"காய் எடுக்கிற நேரத்துல வண்டியை நிப்பாட்டச் சொல்றியா?" என்ற முதலாளி, புது ஆயிலை ஊற்றச் சொல்லி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அதே ஜீப்பில் சிலமலைப் பெண்களோடு நானும் ஏறியிருந்தேன். முதல்நாள் நடந்தது எனக்குத் தெரியாது. முதலாளியே ஓட்டினார். நாங்கள் புறப்பட்டதை டீக்கடையில் கேள்விப்பட்ட அண்ணன் பைக்கில் விரட்டி வந்து, மலை ஏறத் தொடங்கும் முந்தலில் ரோட்டுக்குக் குறுக்கே பைக்கைப் போட்டார்.

"எல்லாரும் எறங்குங்க! வெரசா எறங்குங்க!"

"வழியை விடுறா!" என்று முதலாளி கத்தினார். அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, சாவியை உருவினார். இறங்கி வந்த முதலாளியின் முகத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டார். முதல் அடி அண்ணனுடையதுதான். மூக்கில் ரத்தம் வழிய முதலாளி சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். அண்ணன் என்னை இறக்கிவிடத் திரும்பிய நேரம் அது. பின்மண்டையில் இறங்கிய அடியின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விழுந்தவரின் விலாவில் முதலாளி மறுபடியும் அடித்தார்.

எங்களோடு ஜீப்பில் வந்த பேச்சியம்மா அத்தைதான் முதலில் பாய்ந்தார். கஞ்சி இருந்த தூக்குச்சட்டியால் முதலாளியின் முகத்தில் அறைந்தார். பிறகு எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் கல்லை எடுத்தேன். ஸ்பேனர் கைநழுவி ஓடையில் விழும்வரை யாரும் நிறுத்தவில்லை.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். சட்டை முழுக்க ரத்தம். சாவியை அத்தையிடம் நீட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணுத்தா. எடது கால் பெடலை மிதி. சத்தம் கேக்குதா?"

"இல்லப்பு."

"இப்பக் காலை எடு."

ஜீப் உறுமியது. கல்லைப் போட்டு அரைப்பது போலிருந்தது. அத்தை மறுபடி மிதித்தார், சத்தம் நின்றது. எடுத்தார், உறுமியது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை. அண்ணன் என் மடியில் மயங்கிச் சாய்ந்தார். மலையிலிருந்து இறங்கிய லோடு வண்டியில் அவரைப் போடிக்குக் கொண்டுபோனோம்.

"என் வண்டிக்கு ஒண்ணும் இல்ல, பாருங்கடி!" என்று அங்கே நின்ற பெண்களிடம் கத்திவிட்டு முதலாளி காலி ஜீப்பை மலைக்கு ஏற்றினார். திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் கியர் தெறித்தது. பிரேக் பிடிக்கவில்லை. ஜீப் பாறையில் மோதி நசுங்க, அவர் வலது கால் உள்ளே சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தவர்களால் முடியாமல், ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் அனுப்பினார்கள். சேதி ஆஸ்பத்திரிக்கு வந்தது. தலையில் தையலோடு படுத்திருந்த அண்ணன் எழுந்தார்.

"சாகட்டும், விடுண்ணே" என்று நான் அழுதேன்.

"நீ பேசாம இரு" என்று சொல்லிவிட்டு ஜாக்கியையும் ரம்பத்தையும் எடுத்துப் போனார். தகரத்தை அறுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, காலை விடுவித்தார். வலியில் அந்த மனிதர் அண்ணனைக் கெட்ட வார்த்தைகளால் திட்டிக்கொண்டே இருந்தாராம். உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அண்ணனுக்கு அதன் பிறகு வலிப்பு வரத் தொடங்கியது. தலையில் பட்ட அடியால் வந்தது என்றார் டாக்டர். வண்டி ஓட்டுவதை விட்டார். ஒர்க்‌ஷாப்பை விடவில்லை. அண்ணனை அடித்ததற்காக முதலாளி மேல் போட்டிருந்த வழக்கை முடித்துக்கொள்ளச் சொல்லி முதலாளி தரப்பிலிருந்து ஆட்கள் வந்தபோது அண்ணன் சொன்னது இது: "ஜீப்புல சிக்குன அவரு காலை நான் விடுவிச்சது வேற. என் தலையை அவரு ஒடச்சது வேற. நானும் குத்துனேன், அதை நான் கோர்ட்டுல சொல்றேன். அவரு செஞ்சதை அவரு சொல்லட்டும்."

அவர் சொல்லும் நாளை அண்ணன் பார்க்கவில்லை. ஒரு காலைப்பொழுது, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். அண்ணி ஓடிவந்து மடியில் ஏந்தினார். கண் திறக்கவே இல்லை.

துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும், ஒர்க்‌ஷாப்புகளை அடைத்துவிட்டு வந்து பாடையைச் சுமந்த தொழில் நண்பர்களுக்கும், கடைசிவரை கைவிடாத மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். அன்று ஊன்றுகோலோடு அந்த முதலாளியும் வந்து தெருவில் நின்றார். அண்ணி அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் பேச எங்களுக்கு ஒன்றுமில்லை.

சிலமலைப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சாட்சி சொன்னால் எந்த ஜீப்பிலும் வேலைக்கு ஏற்ற மாட்டோம் என்று முதலாளியின் ஆட்கள் மிரட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வரும் வாரத்தில் தேனி கோர்ட்டில் அந்த வழக்குக்கு வாய்தா இருக்கிறது. அண்ணியும் நானும் அவர்களும் காலையில் ஒரே பஸ்ஸில் போகிறோம்.